துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம்: நிறத்தை எங்கே தேடுவது

தமக்கென்று அளவெடுத்துத் துப்பாக்கிக் கட்டை, அதாவது துப்பாக்கியின் மரப்பகுதி, செய்துகொள்ள விரும்புபவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, எந்தச் சாயம் பூசலாம், எந்த எண்ணெய் தடவினால் சிவப்பு ஏறும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது சற்றுத் தாமதமாகக் கேட்கப்படும் கேள்வி. ஒரு நல்ல வால்நட் கட்டையின் நிறத்தில் பெரும்பகுதி, அந்த மரம் நின்ற மண்ணிலும், அதை அறுத்த வாட்டத்திலும், உலர்த்திய முறையிலும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எண்ணெய் அந்த நிறத்தை வெளியே கொண்டுவரும். சாயம் அதைச் சற்றே ஒரு பக்கம் சாய்க்கும் அல்லது ஓரத்தில் வெளிறிக் கிடக்கும் ஒரு பட்டையை மறைக்கும். மரத்தில் இல்லாத நிறத்தை இவ்விரண்டாலும் உண்டாக்க முடியாது. ஆகவே நிறத்துக்காகச் செலவிடும் கவனத்தையும் பணத்தையும் பலகையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை விரிவாக எழுதிவைக்கவே இந்தப் பதிவு.

நான் வசிக்கும் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு, கலிபோர்னியாவின் வால்நட் தோப்புகள் நிறைந்த பகுதிகளுள் ஒன்று. காய்ப்பு ஓய்ந்த பழைய தோப்புகளை வேரோடு அகழ்ந்து எடுக்கும்போது, நல்ல அடிமரங்களைப் பொறுக்கியெடுத்துப் பலகையாக்கும் அறுவைக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். மரவேலையில் எனக்கிருந்த ஈடுபாடு அவர்களுடைய பலகை அடுக்குகளைப் பார்க்கப் பார்க்கத் துப்பாக்கிக் கட்டைகளின் பக்கம் திரும்பியது. செதுக்குவதற்கு முன்புள்ள தடித்த பலகைத் துண்டை இத்தொழிலில் பிளாங்க் என்று சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஷாட்கன் போன்ற துப்பாக்கிகளில் கட்டை இரண்டு துண்டுகளாக இருக்கும்: தோளில் பொருந்தும் பின்கட்டை ஒன்று, குழலின் கீழே இடது கை பற்றும் முன்கட்டை மற்றொன்று. பெரும்பாலான ரைஃபிள்களில் இரண்டும் ஒரே நீளக் கட்டையாக இருக்கும். இந்த வேறுபாடு நிறத்தைத் தேர்வதிலும் முக்கியமானது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வால்நட் இத்தொழிலில் நிலைபெற்றதற்கு அழகு முதற்காரணம் அன்று. சுடும் கணத்தில் பின்னோக்கி வரும் உதைப்பு முழுவதும் உலோகத்திலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து தோளுக்கும் இறங்குகிறது. அந்த அடியைத் தாங்கும் மரம் பிளவுபடாத உறுதியோடு இருக்க வேண்டும். ஆனால் துப்பாக்கியின் எடையைப் பின்பக்கமாக இழுத்துவிடும் அளவுக்குக் கனக்கக் கூடாது. உலோகப் பகுதிகள் மயிரிழை இடைவெளியும் இன்றிப் பொருந்த வேண்டியிருப்பதால், கூரான உளியின் கீழ் முனை உதிராமல் வெட்டுப்பட வேண்டும். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்ளவும் கூடாது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது அமெரிக்கக் கறுப்பு வால்நட் ஆரத்தின் திசையில் 5.5 விழுக்காடும், ஆண்டு வளையத்தைத் தழுவிய திசையில் 7.8 விழுக்காடும் சுருங்குகிறது. பல ஓக் மரங்களில் இரண்டாவது சுருக்கம் முதலாவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இவ்விரு சுருக்கங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு மரம் கோணாமல் நிற்கும். இத்தனை குணங்களும் ஒன்றாகக் கூடிய மரம், ஒவ்வொரு பலகையிலும் வெவ்வேறு நிறத்தோடும் ரேகையோடும் வருவது நமக்குக் கிடைத்த கூடுதல் பேறு.

வால்நட் என்று பொதுவாகச் சொன்னாலும் இத்தொழிலில் புழங்கும் மரங்கள் ஒன்றல்ல. முதலாவது ஜக்லன்ஸ் ரீஜியா. நாம் அக்ரூட் என்று வாங்கித் தின்னும் பருப்பைத் தரும் மரம் இதுதான். மத்திய ஆசியாவின் மலைகளில் இயற்கையாக வளரும் இம்மரத்தின் காடுகள் கிர்கிஸ்தானின் அர்ஸ்லான்பாப் பகுதியில் இன்றும் பரந்து நிற்கின்றன. இதன் அடிநிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து தேன் நிறம், சாம்பல் கலந்த பழுப்பு வரை மாறும். அதன்மேல் மையால் இழுத்தாற்போன்ற கருங்கோடுகளும், புகைபோல் கலங்கிய நிழல்களும் ஓடும். நுண்ணிய துளைகள் கொண்ட, இறுகிய மரம். கடினத்தன்மையை அளக்கும் ஜங்கா அளவில் இது சுமார் 1,200 பவுண்டு. அமெரிக்கக் கறுப்பு வால்நட் 1,010 பவுண்டு.

அந்தக் கறுப்பு வால்நட்டான ஜக்லன்ஸ் நைக்ரா வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் உரியது. இதன் நிறம் சாக்லேட் பழுப்பு. புதிதாக அறுத்த பலகையில் ஊதாச் சாயலும் தெரியும். கோடுகளின் முரண் குறைவு. துளைகள் சற்றே பெரியவை. ஸ்பிரிங்ஃபீல்டு 1903, எம்1 கேரண்ட் முதலிய அமெரிக்க இராணுவத் துப்பாக்கிகளின் கட்டைகளை நினைவுபடுத்திப் பாருங்கள்; அந்தச் சீரான பழுப்பு இந்த மரத்தினுடையது. முதல் உலகப் போரின்போது துப்பாக்கிக் கட்டைகளுக்கும் விமானச் சுழலிகளுக்கும் இம்மரம் பெருமளவில் தேவைப்பட்டதால், 1918-இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சாரணச் சிறுவர்களிடம் நாடெங்கும் நிற்கும் வால்நட் மரங்களைக் கண்டறிந்து கணக்கெடுக்கச் சொன்னார். ஒரு மரத்துக்காக ஒரு நாடு தன் பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மூன்றாவது எங்கள் வடக்குக் கலிபோர்னியாவுக்கே உரிய ஜக்லன்ஸ் ஹிண்ட்ஸீ. மர வணிகத்தில் இதன் பெயர் கிளாரோ. நிறத்தில் இதற்கு ஈடான வால்நட் இல்லை: ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, கரும்பழுப்பு ஆகியவை ஒரே பலகையில் அருகருகே படிந்திருக்கும். ஆனால் ரீஜியாவைவிடத் துளைகள் பெரியவை. கை வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் நுண்ணிய செக்கரிங் கோடுகளை அது எளிதில் தாங்காது. இங்குள்ள தோப்புக்காரர்கள் மண்ணின் நோய்களைத் தாங்குவதற்காகக் கிளாரோவின் வேர்மரத்தில் ரீஜியாவை ஒட்டுக்கட்டுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பழைய தோப்புகளில் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே கருமையாகவும் மேலே வெளிறியும் அடிமரம் இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். இவ்விரண்டு மரங்களின் கலப்பினத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாண்டா ரோசா நகரில் தாவர இனப்பெருக்க அறிஞர் லூதர் பர்பேங்க் வளர்த்து, பாரடாக்ஸ் என்று பெயரிட்டார். துப்பாக்கித் தொழிலில் அக்கலப்பினத்தின் மரம் பாஸ்டோன் என்று அழைக்கப்படுகிறது. கிளாரோவின் நிறச்செழுமையில் ஒரு பங்கும், இரண்டு பெற்றோரையும் விஞ்சும் கனமும் உறுதியும் அதற்கு உண்டு. உதைப்பு மிகுந்த பெரிய ரைஃபிளுக்கு மரம் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

பிரெஞ்சு வால்நட், துருக்கி வால்நட், ஆங்கில வால்நட், சர்க்காசிய வால்நட் என்று விலைப்பட்டியலில் தனித்தனியாகக் காணப்படுபவை எல்லாம் ரீஜியா என்னும் ஒரே இனம்தான். வளர்ந்த மண்ணும் குளிரும் நீரும் வயதும் அவற்றின் நிறத்தை வேறுபடுத்துகின்றன. பிரெஞ்சுப் பலகையில் தேன் நிறம் மேலோங்கிக் கோடுகள் மெலிந்திருக்கும் என்றும், துருக்கிப் பலகையில் கருங்கோடுகள் அழுத்தமாக இருக்கும் என்றும் சொல்வது ஒரு பொதுப்போக்கைக் குறிக்கும் அளவுக்கு உண்மை. ஆனால் பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாற நேரலாம். கண்முன் இருக்கும் பலகையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரே மரத்துக்குள்ளேயே நிறம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காஷ்மீரத்துச் சிற்பத் தச்சர்கள் நன்கறிவார்கள். அங்கே வளர்வதும் ரீஜியாவே. வேர்ப்பகுதியின் மரம் கருமை ஏறி, ரேகை செறிந்து, விலை மிகுந்தது. அடிமரம் அதற்கு அடுத்தது. கிளைமரம் வெளிறி, ரேகையற்று, விலை குறைந்தது. ஸ்ரீநகரின் ரைனாவாரிப் பகுதியில் பந்தூக் கர் மொஹல்லா என்ற துப்பாக்கிக் கொல்லர் தெரு இருக்கிறது. அங்கு செய்யப்படும் 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கிகளுக்கும் அந்த மண்ணின் வால்நட்டே கட்டையாகிறது. துப்பாக்கிக் கட்டைக்கு மரம் தேடுபவர்கள் உலகெங்கும் அடிமரத்தை அறுக்காமல் வேரோடு அகழ்ந்தெடுப்பதற்கும் காரணம் இதுதான். தரைமட்டத்துக்குச் சற்று மேலும் கீழுமாக உள்ள இரண்டு மூன்று அடியில்தான் நிறம் ஆழ்ந்து, இழை புரண்டு, கண்ணைக் கட்டிப்போடும் ரேகைகள் உருவாகின்றன.

இனி, நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். எவ்வளவு அழகான பலகையானாலும் இழை ஓடும் போக்கு சரியாக இல்லாவிட்டால் அதைத் துப்பாக்கிக்கு எடுக்கக் கூடாது. கட்டையிலேயே மெலிந்த இடம் கை பற்றும் பிடி. அந்த இடத்தில் இழை பிடியின் சரிவை ஒட்டி நெடுக ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறினால் உதைப்பில் அங்கேதான் கீறல் விழும். உலோக ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி) வந்து பொருந்தும் முகப்பிலும் இழை நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் பூட்டுகளுக்கு இடம் குடையும்போது அங்கே மிஞ்சுவது மெல்லிய சுவர்களே. சுழல்களும், கிளை பிரியும் கவையில் தோன்றும் இறகுபோன்ற ரேகைகளும் பிடியைத் தாண்டிப் பின்கட்டையின் அகன்ற பகுதியில் வந்தால் போதும். அங்கே அவற்றால் கேடில்லை. ஒற்றைத்துண்டு ரைஃபிள் கட்டையில் முன்பகுதியும் நேரிழையாக அமைய வேண்டும். அங்கே இழை புரண்டிருந்தால் மழைக்காலத்தில் மரம் வளைந்து குழலைத் தொட்டு அழுத்தும். குண்டு விழும் இடம் மாறிப்போகும். இந்தச் சோதனையில் தேறிய பலகைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் நிறத்தைப் பார்ப்பதே முறை. வரிசையை மாற்றி நிறத்தில் முதலில் மனத்தைப் பறிகொடுத்தவர், பிடியில் உள்ள குறையைப் பார்த்தும் பாராதவராகிவிடுவார்.

பலகையை அறுத்த வாட்டமும் நிறத்தின் தோற்றத்தை மாற்றும். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஆரவாட்டத்தில் அறுத்தால் கருங்கோடுகள் நெருக்கமாக, ஏறத்தாழ இணையாக ஓடும். புலிவரிபோல் குறுக்கே மினுங்கும் அலைரேகை மரத்தில் இருக்குமானால் அது மிகத் தெளிவாகத் தெரிவதும் இந்த வாட்டத்தில்தான். வளையங்களைத் தழுவி அறுத்த பலகையிலோ அதே நிறங்கள் அகன்ற வளைவுகளாகவும் தீவுகளாகவும் விரியும். ஒரே மரத்தின் இரு பலகைகள் இரண்டு வேறு மரங்களைப்போல் தோன்றுவதற்கு இதுவே காரணம். எனக்கு ஆரவாட்டத்தின் அடக்கம் பிடிக்கும், அதுவும் நீண்டு மெலிந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளில். அகன்ற வளைவுகள் ரைஃபிளின் பருத்த பின்கட்டைக்குப் பொருந்துகின்றன.

மரத்தின் நடுவே வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் நாம் பேசும் நிறமெல்லாம் உண்டு. அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி வெளிறிய பாலேட்டு நிறத்தில் இருக்கும். அது வலிமையில் பெரிதும் குறைந்ததன்று. ஆனால் அதிலுள்ள மாவுச்சத்தை நாடித் துளைக்கும் வண்டுகள் வரும், நிறமும் வைரத்தின் நிறத்தோடு ஒட்டாது. பலகையின் ஓரத்தில் சிறிது வெள்ளை இருந்து, செதுக்கும்போது அது கழிந்துபோகும் என்று உறுதியாகத் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம். இதற்காகக் கட்டையின் வடிவத்தை ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளில் முழு அளவில் வரைந்து வெட்டி, பலகையின்மேல் வைத்து நகர்த்திப் பார்ப்பது நல்ல வழி. பிடியின் இழையோட்டம், வெள்ளை விழும் இடம், கணு, வெடிப்பு ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் புலப்படும்.

வணிக முறையில் கறுப்பு வால்நட்டைச் சூளையில் உலர்த்துவதற்கு முன் நீராவியில் வேகவைப்பதுண்டு. வைரத்தின் நிறம் வெள்ளைக்குள் பரவி, பலகை முழுவதும் ஒரே பழுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறார்கள். அறைகலன் செய்பவருக்கு இதில் இலாபம் உண்டு. கட்டை செய்பவருக்கு இது இழப்பே. ஊதாவும் சிவப்பும் மங்கி, எல்லாம் ஒரு மந்தமான பழுப்பில் அடங்கிவிடும். நிழலில் காற்றாட உலர்ந்த பலகையில் அந்த உள்நிறங்கள் உயிரோடு இருக்கும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது காற்றில் உலர்த்துவோரின் பழைய கணக்கு. இரண்டரை அங்குலத் தடிமனுள்ள பிளாங்குக்கு அந்தக் கணக்கில் இரண்டரை ஆண்டாகும். குறுக்கே அறுத்த முனைகளில் மெழுகு பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். பூசாவிட்டால் முனைகள் விரைந்து உலர்ந்து வெடிக்கும். வாங்கிய பிறகும் பலகையை எடை போட்டுத் தேதியோடு அதன்மேலேயே எழுதி வைத்து, எடை குறைவது நின்றபின் செதுக்கத் தொடங்குவதே பாதுகாப்பு.

நிறத்தைப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். உலர்ந்த பலகை தன் நிறத்தைக் காட்டாது. சாம்பல் படிந்தாற்போல் கிடக்கும். முகத்தை இழைப்புளியால் லேசாகச் சீவியோ உப்புத்தாளால் தேய்த்தோ விட்டு, டர்பெண்டைன் போன்று விரைவில் ஆவியாகும் திரவத்தால் துடைத்தால், எண்ணெய் பூசிய பிறகு வரப்போகும் நிறம் சில நிமிடங்களுக்குத் தோன்றி மறையும். தண்ணீரும் நிறத்தைக் காட்டும், ஆனால் இழைகளைக் கிளப்பிவிடும். இந்தச் சோதனையைக் கதவுக்கு வெளியே, நிழலான பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். கடைக்குள் எரியும் மஞ்சள் விளக்கு தேன் நிறத்தைப் பொன்னாக்கிக் காட்டும். குளிர்ந்த வெள்ளை விளக்கு சாம்பலை மிகைப்படுத்தும். இணையத்தில் வாங்குபவர்கள் நனைத்த படம், நனைக்காத படம் இரண்டையும், அதுவும் இரண்டு பக்கங்களுக்கும் கேட்டு வாங்க வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவரின் கன்னம் படிவது கட்டையின் இடது பக்கம். அவர் துப்பாக்கியைக் கையில் ஏந்தி நிற்கும்போது பிறர் கண்ணில் படுவது பெரும்பாலும் வலது பக்கம். ஒரு பக்கம் ஓவியமாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் உள்ள பலகைகள் நிறையவே உண்டு.

இன்னொன்றும் உண்டு. அலைரேகை உள்ள பலகையை ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஒரு நிறம், திருப்பி வைத்து மறுமுனையிலிருந்து பார்த்தால் வேறொரு நிறம். இழைகள் மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் சில இடங்களில் ஒளி பட்டுத் திரும்புகிறது, சில இடங்களில் உள்ளே போய்விடுகிறது. இரண்டு துண்டுக் கட்டைகளில் இதனால் ஒரு சிக்கல் வரும். முன்கட்டையையும் பின்கட்டையையும் ஒரே பலகையிலிருந்து வெட்டினாலும், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திவிட்டால் இரண்டும் நிறத்தில் ஒட்டாமல் நிற்கும். வெட்டுவதற்கு முன்பே இரண்டிலும் ஒரே திசையில் அம்புக்குறி போட்டுவிட வேண்டும். இலண்டன் பட்டறைகளில் இரட்டையராகச் செய்யப்படும் துப்பாக்கிச் சோடிகளுக்கு ஒரே மரத்தின் அடுத்தடுத்த பலகைகளைத் தேடியெடுப்பதும் இந்த ஒற்றுமைக்காகத்தான்.

மரத்தின் நிறம் உலோகத்தின் நிறத்தோடு சேர்ந்தே வாழப்போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. நண்பர் ஒருவர் தம் பழைய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புதிய கட்டை செய்ய மரம் தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னார். அதன் ஆக்‌ஷன், எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டியில் பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தும் பழைய முறையில் கடினமாக்கப்பட்டது. அந்த முறையில் உலோகத்தின் முகத்தில் நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் மேகம்போல் திரண்டு நிற்கும். இழையோட்டத்தில் தேறிய மூன்று பலகைகளை அவர்முன் வைத்தேன்: சிவப்பும் ஆரஞ்சும் கொழுந்துவிட்ட கிளாரோ ஒன்று, சாம்பல் தரையில் மைக்கோடுகள் அழுத்தமாக ஓடிய துருக்கி மரம் ஒன்று, அமைதியான தேன் நிறத்தில் இரண்டொரு புகைக்கோடுகள் மட்டும் கொண்ட ரீஜியா ஒன்று. அவர் கண் கிளாரோவை விட்டு நகரவில்லை. துப்பாக்கியைக் கழற்றி ஆக்‌ஷனை மட்டும் ஒவ்வொரு பலகையின்மேலும் மாறி மாறி வைத்துக் காட்டினேன். கிளாரோவின்மேல் வைத்தபோது உலோகத்தின் மேகநிறங்கள் காணாமற்போயின. இரண்டும் பார்வைக்குப் போட்டியிட்டன. துருக்கி மரத்தின் சாம்பலோடு சேர்ந்தபோது நீலம் மங்கியது. தேன் நிறத்தின்மேல் வைத்ததும் நீலம் எழுந்து நின்றது, வைக்கோல் நிறத்துக்கு மரத்திலேயே ஒரு துணை கிடைத்தது. அவர் அதையே எடுத்துக்கொண்டார். கிளாரோவின் செழுமைக்கு உரிய இடம், கறுப்பு நீலம் ஏற்றிய எளிய உலோகம் என்பது என் எண்ணம். அங்கே மரம் மட்டுமே பேசும், கேட்க இடமிருக்கும். வெள்ளிச் சாம்பலாக மெருகிட்டுச் செதுக்குவேலை செய்த ஆக்‌ஷனுக்கு மைக்கோடுகள் கொண்ட துருக்கி மரம் அருமையாகச் சேரும்.

எண்ணெய்க்கும் சாயத்துக்கும் இப்போது வரலாம். 1814-இல் தொடங்கிய பர்டி, 1835-இல் தொடங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற இலண்டன் நிறுவனங்களின் கட்டைகளில் காணும் ஆழ்ந்த செம்பழுப்புக்குப் பின்னால், ஆளிவிதை எண்ணெயில் ஆல்கனெட் என்னும் செடியின் வேரை ஊறவைக்கும் பழைய பழக்கம் இருக்கிறது. நம் வீடுகளில் தேங்காயெண்ணெயில் வேம்பாளம்பட்டையைப் போட்டதும் எண்ணெய் சிவந்துவிடுமே, ஏறத்தாழ அதே வேலைதான் இங்கும் நடக்கிறது: நிறம் நீரில் இறங்காது, எண்ணெயில் இறங்கும். இந்தச் சிவப்பு தேன் நிற ரீஜியாவின் மஞ்சளை அடக்கி, கருங்கோடுகளுக்கு இடையே ஒரு வெம்மையைத் தருகிறது. சிவப்பு இயல்பாகவே உள்ள கிளாரோவில் இதைத் தடவுவது வீண், நிறம் செங்கல்லாகிவிடும். ஊதாச் சாயலுள்ள கறுப்பு வால்நட்டிலும் நான் இதைத் தடவுவதில்லை.

வெள்ளைப் பட்டை ஓரத்தில் தப்பித்தவறி நின்றுவிட்டால் அதற்கு நான் நம்பும் சாயம் வால்நட் காயின் பச்சைத்தோலிலிருந்தே கிடைப்பது. அத்தோலை உரித்தவரின் விரல்களில் நாள்கணக்கில் பழுப்புக்கறை நிற்கும். அந்தக் கறைக்கு மூலமான ஜக்லோன் என்ற பொருளும், மருதாணியைச் சிவக்கவைக்கும் லாசோன் என்ற பொருளும் ஒரே வேதி வாய்பாடு கொண்டவை; ஓர் அணுக்கூட்டம் இடம் மாறி அமர்ந்திருப்பது மட்டுமே வேறுபாடு. தோலை நீரில் ஊறவைத்து வடித்த சாயத்தை மெல்லிய தூரிகையால் வெள்ளையின்மேல் மட்டும் பல முறை மெலிதாகத் தீட்டி, வைரத்தின் விளிம்பில் கலைத்துவிட வேண்டும். புளிக்காடியில் இரும்புத்தூளை ஊறவைத்துத் தடவிக் கறுப்பாக்கும் முறையும் உண்டு. மரத்தின் துவர்ப்புச்சத்தோடு இரும்பு சேர்ந்து கருமை தரும். ஆனால் அது பரவும் விதம் நம் கட்டுக்குள் இருப்பதில்லை. நல்ல பலகையில் அதைத் தொடாமலிருப்பதே மேல்.

எண்ணெய் ஏற்றுவதற்கு முன் கட்டையை ஈரத்துணியால் நனைத்து, உலரவைத்து, எழுந்த இழைமுட்களைத் தேய்த்தெடுக்க வேண்டும். இனி எழாது என்று தெரியும்வரை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு ஈரத்திலும் தேய்க்கக்கூடிய நுண்ணிய உப்புத்தாளை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கும்போது உண்டாகும் மரக்குழம்பே துளைகளை நிரப்புகிறது. வேறொரு நிறத்து மாவை நிரப்புவதைவிட இது சிறந்தது, ஏனென்றால் துளைக்குள் போவது அதே மரத்தின் நிறம். அதன்மேல் மிக மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் முற்றிலும் உலர்ந்த பிறகே அடுத்தது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெளிப்படும் சூட்டில் அவை தாமே தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள் அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

பிடியிலும் முன்கட்டையிலும் வெட்டப்படும் செக்கரிங் கோடுகள் சுற்றியுள்ள மரத்தைவிடக் கருமையாகத் தெரியும், ஏனென்றால் வெட்டுப்பட்ட இழைமுனைகள் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு 24 கோடுகள், 26 கோடுகள் என்று நுணுக்கமாக வெட்ட இறுகிய ரீஜியா இடம் தரும். கிளாரோவிலும் பெருந்துளைக் கறுப்பு வால்நட்டிலும் 20 கோடுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இருண்ட பலகையில் இந்தக் கருமை தெரியாமல் போகும். தேன் நிறப் பலகையிலோ அதுவே கட்டையின் அழகான எல்லைக்கோடாக நிற்கும்.

காலம் செல்லச் செல்ல நிறம் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒளி பட்டுப் பல மரங்கள் கருக்கும்போது வால்நட் வெளிறுகிறது. கறுப்பு வால்நட்டின் ஊதாச் சாயல் முதலில் போகும். ஆண்டுகள் பல சென்றபின் சாக்லேட் நிறம் தேனை நோக்கி இறங்கும். கிளாரோவின் சிவப்பும் தணியும். அதே வேளையில் ஆளிவிதை எண்ணெய் தானே மஞ்சளாகி, பின் சிவந்து, ஒரு வெம்மையான திரைபோல் மேலே படிகிறது. பழைய இராணுவக் கட்டைகளில் நாம் காணும் செம்மையில் அதற்கும் பங்குண்டு. ஆகையால் இன்று சற்றே அதிக இருளாகத் தோன்றும் பலகையை அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம். மாறாக, இன்று சரியாக இருக்கும் வெளிறிய தேன் நிறம் பிற்காலத்தில் மேலும் வெளிறும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும். கனிமங்களால் உண்டான மைக்கோடுகள் மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். வண்ணம் தணிந்த தரையில் அவை பின்னாளில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. பிளாங்கிலிருந்து கட்டையின் வடிவத்தை வெட்டும்போது பிடியின் கீழிருந்தும் பின்முனையிலிருந்தும் கழியும் துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். எண்ணெயா, ஆல்கனெட் சேர்த்த எண்ணெயா, எத்தனை பூச்சு என்பதையெல்லாம் முதலில் அவற்றின்மேல் செய்து, உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஆக்‌ஷனோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். வேறு பலகையில் செய்த மாதிரி இந்தப் பலகைக்குப் பொருந்தாது. வேலை முடிந்தபிறகும் குறைந்தது ஒரு துண்டையாவது எண்ணெய் பூசாமல் வைத்திருங்கள். பின்னொரு நாள் கட்டையில் ஒரு சில்லு பெயர்ந்தாலோ, தோளின் அளவு மாறிப் பின்முனையை நீட்ட வேண்டியிருந்தாலோ, நிறமும் இழையும் ஒத்துப்போகும் மரம் வேறெங்கும் கிடைக்காது.